சிகெட் போறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ருமேனியால க்ளூஷ்ங்கிற ஊர்ல வேலை பாக்குறேன். அங்கேந்து வடக்க நாலஞ்சு மணி நேரம் வண்டில போனா உக்ரைன் எல்லைல ஒரு சின்ன ஊரு, சிகெட். இதுவரைக்கும் அஞ்சு தடவ போயிட்டேன், அதுல ஒரு தடவ அம்மாவையும் கூட்டிட்டு. ஒவ்வொரு தடவ போட்டோ அனுப்பும்போதும் ஃப்ரெண்ட்ஸ், சித்தப்பா பசங்க, ஆபீஸ்ல புதுசா சேர்ந்த நம்மாளுங்கன்னு எல்லாரும் அதே கேள்விகளத்தான் கேக்குறாங்க. வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

ஊர் பேரு என்ன? சிகரெட்டா?

சிகெட். முழுப்பேரு சிகெட்டு மர்மாட்சியேய், ஆனா அங்க யாரும் முழுசா சொல்றதில்ல. ஹங்கேரி பாஷைல இருக்குற தீவுங்கிற வார்த்தைதான் ஊர் பேரா ஆகியிருக்கு. ஒரு பக்கம் டீசா ஆறு, இன்னொரு பக்கம் ஈசா ஆறு, நடுவுல மாட்டிக்கிட்ட நிலம். ஆத்துக்கு நடுவுல இருக்குற திட்ட நம்ம பெருசுங்க துருத்தின்னு சொல்வாங்கல்ல, அதேதான். சுத்தி இருக்குற மொத்த ஏரியாவுக்கும் பேரு மரமுரேஷ். போட்டோல நீங்க பாத்த மர கேட்டு, வைக்கோல்போர், ஊசி மாதிரி கோபுரம் எல்லாமே அந்த மரமுரேஷ் கிராமங்கதான்.

இது எந்த நாட்டு ஊரு? ஒரு எடத்துல ஹங்கேரின்னு போட்டிருக்கு, இன்னொரு எடத்துல ருமேனியான்னு போட்டிருக்கு?

ரெண்டுமே சரி, எந்த வருஷத்த கேக்குறீங்கங்கிறதப் பொறுத்தது. முதல் உலகப்போர் முடியுற வரைக்கும் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம், அப்புறம் ருமேனியா, 1940 ஆகஸ்ட்ல ஹிட்லரோட, முசோலினியோட வெளியுறவு மந்திரிங்க வியன்னால உக்காந்து முடிவு பண்ணி ஹங்கேரிக்கு குடுத்தாங்க, 1944 கடைசில ஹங்கேரி ஆட்சி போச்சு, அதுக்கப்புறம் திரும்ப ருமேனியா. இது இந்தக் கரை கதை. அந்தக் கரைல இன்னும் மோசம். அதே ஆஸ்திரியா-ஹங்கேரிலேந்து செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, சோவியத், 1991லேந்து உக்ரைன். 1915ல இந்தக் கரைல ஒரு பொண்ணும் அந்தக் கரைல அவ சித்தி பொண்ணும் பொறந்திருந்தா, ரெண்டு பேரும் வீட்டு வாசல தாண்டாமலே வேற வேற நாட்டுக்காரிங்களா ஆகி, பாஸ்போர்ட் இல்லாம ஒருத்திய ஒருத்தி பாக்க முடியாம கெழவிங்க ஆகியிருப்பாங்க.

இதுல ரயில் கதை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. 1920ல ஹங்கேரியோட எல்லைய முடிவு பண்ண ட்ரியனான் ஒப்பந்தத்துல டீசா ஆத்தையே எல்லையா போட்டாங்க, ஆனா சிகெட்லேந்து மேற்க போற ரயில் பாதை அந்தக் கரைலதான் ஓடிச்சு, அதனால ருமேனியாக்காரன் ருமேனியாவோட மத்த ஊருக்கு ரயில்ல போகணும்னா நடுவுல செக்கோஸ்லோவாக்கியா வழியாத்தான் போகணும். மலைய கொடைஞ்சு தெக்க ஒரு புது பாதை 1949லதான் முடிஞ்சது, சால்வா-விஷேவு லைன்னு சொல்வாங்க, கம்யூனிஸ்ட் கட்சி இளைஞர் படைய வெச்சு வேலை வாங்கி போட்டது. இன்னிக்கும் புக்கரெஸ்ட் ரயில் அந்தப் பாதைலதான் வருது.

கோடு போட்டவங்க பாஷைய பாத்து போடல, அதனால எதிர்க்கரைல உக்ரைனுக்குள்ள ருமேனியன் பேசுற கிராமங்க இருக்கு, இந்தக் கரைல ரோனா தெ சுஸ் மாதிரி உக்ரைனியன் பேசுற கிராமங்க இருக்கு. ஊருக்குள்ள ஹங்கேரிக்காரங்களும் கணிசமா இருக்காங்க.

எவ்வளவு பெரிய ஊரு?

2011 கணக்குல சுமார் 37,000 பேர், 2021ல 33,000 கிட்ட வந்துடுச்சு. கொறைஞ்சவங்க எல்லாம் எங்கன்னு கேட்டா இத்தாலி, ஃப்ரான்ஸ், இங்கிலாந்துன்னு வேலைக்கு போயிருக்காங்க. ஆகஸ்ட் மாசம் போனா அந்த ஊர் நம்பர் ப்ளேட் போட்ட கார்தான் தெரு முழுக்க நிக்கும்.

எதிர்க்கரைதான் உக்ரைன்னா போர் நடக்குற எடமாச்சே, பயமில்லையா?

எல்லாரோட முதல் கேள்வியும் இதுதான், அம்மா உட்பட. சண்ட நடக்குற முனை அங்கேந்து பல நூறு கிலோமீட்டர் கிழக்க இருக்கு, ஊர்ல கடை கண்ணி, ஸ்கூல், சந்தை எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்குது. ஆனா போர் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்சதும் அந்தக் கரை சொலோட்வினோ ஊர்லேந்து பாலத்து வழியா பொம்பளைங்களும் குழந்தைங்களும் சாரிசாரியா நடந்து வந்தாங்க. அந்த மார்ச் மாசம் இந்தக் கரைக்காரங்க பாலத்து கைப்பிடி ஓரமா நெடுக பொம்மைங்கள வெச்சிருந்தாங்க, கரடி பொம்மை, முயல் பொம்மைன்னு, வர்ற குழந்தை போற போக்குல ஒண்ண எடுத்துக்கட்டும்னு. அந்த போட்டோ உலகம் பூரா சுத்துச்சு.

ஆம்பளைங்களுக்கு அந்த வழி இல்லாம போச்சு. 18லேந்து 60 வயசு வரைக்கும் நாட்ட விட்டு போகக்கூடாதுன்னு உக்ரைன் சட்டம் போட்டதும், ராத்திரில டீசாவ நீந்தி வந்தவங்க உண்டு, மரமுரேஷ் மலை வழியா பனில நடந்து வந்து மலை மீட்புக்குழு போய் தூக்கிட்டு வந்தவங்க உண்டு, ஆத்தோடயே போனவங்களும் உண்டு. ஆறு பாக்க ஒண்ணும் பிரம்மாண்டமா இருக்காது, கோடைல அட இதுதானான்னு தோணும். பனி உருகுற மாசத்துல அதே ஆறு வேற மாதிரி.

பாலத்த நடந்து தாண்டி அந்தப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வரலாமா?

வேணாம். உக்ரைனுக்கு தனி விசா வேணும், இந்திய பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு ஒரு எட்டுங்கிற பேச்சே கிடையாது. போர் முடியுற வரைக்கும் டூரிஸ்ட்டா போற எடமும் இல்ல. இந்தக் கரைலேந்து பாருங்க போதும். பழைய பாலம் இரண்டாம் உலகப்போர்ல போயிடுச்சு, இப்ப இருக்குற பலகை போட்ட பாலம் 2007 ஜனவரிலதான் தொறந்தது, அதுக்கு முன்னாடி கண்ணுக்கு தெரியுற எதிர்க்கரைக்கு போக பெரிய சுத்து சுத்தணும். எல்லை போலீஸ மட்டும் போட்டோ எடுக்காதீங்க. ஆத்தோரமா நடக்கும்போது போன் தானா உக்ரைன் டவர புடிச்சுக்கும், டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணி வெச்சுடுங்க.

விசா?

ருமேனியா 2024 மார்ச் 31லேந்து விமானம், கப்பல் வழிக்கும், 2025 ஜனவரி 1லேந்து தரை வழிக்கும் ஷெங்கன்ல, அதாவது பல ஐரோப்பிய நாடுங்களுக்கு ஒரே விசாங்கிற ஏற்பாட்டுல, சேந்துடுச்சு. அதனால ஷெங்கன் விசா இருந்தா போதும்.

எப்படி போறது?

புக்கரெஸ்ட்லேந்து ராத்திரி ரயில் இருக்கு, ஏறி படுத்தா மறுநாள்தான் எறங்குவீங்க. கடைசி ரெண்டு மணி நேரம் ரயில் நம்ம மாட்டு வண்டிக்கு போட்டியா போகும், ஆனா மலையும் காடும் ஆறும் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு வரும், தூங்கிடாதீங்க. ஃப்ளைட்ல வர்றவங்க க்ளூஷ்ல எறங்கலாம், இன்னும் கிட்ட வேணும்னா பாயா மாரேல சின்ன ஏர்போர்ட் இருக்கு, அங்கேந்து மலை தாண்டி சுமார் 65 கிலோமீட்டர்.

கிராமங்களுக்கு மினி பஸ் ஓடும், ஆனா சனி ஞாயிறு நம்பாதீங்க. நான் ஒரு ஞாயித்துக்கிழம சபன்ட்சாங்கிற கிராமத்துல பஸ் ஸ்டாப்ல ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னேன், போர்டுல எழுதியிருந்த நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் வரல. கடைசில முட்டைகோஸ் ஏத்திட்டு போன ஒரு பெரியவர் நிறுத்தி ஏறிக்க சொன்னார். அந்தப் பக்கம் கைகாட்டி வண்டில ஏறுறது சகஜம், பஸ் டிக்கெட் அளவுக்கு காசு குடுக்குறது மரியாதை, அவரு வாங்க மாட்டேன்னு சொன்னது அவரோட மரியாதை. முடிஞ்சா கார் எடுத்துக்கோங்க, பாதி கிராமங்கள் அப்படித்தான் பாக்க முடியும்.

எத்தனை நாள் வேணும்? ஒரு நாள்ல முடிச்சுடலாமா?

முடிச்சுடலாம், நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, சபன்ட்சா கல்லறைல செல்ஃபி எடுத்துட்டு ரெண்டு மர கோயில் (சர்ச்சத்தான் சொல்றேன்) பாத்துட்டு சாயங்காலம் கிளம்பிடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. குறைஞ்சது மூணு ராத்திரி, அதுல ஒண்ணாவது ஊருக்குள்ள, மத்தது கிராமத்துல.

ஊருக்குள்ள என்னதான் இருக்கு? ஜெயில பாக்க சொல்றீங்க, அதுல என்ன?

சிகெட்டுக்கு ஒரே ஒரு எடத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா அந்த ஜெயிலுக்கு போங்க. நடுத்தெருல, வீடுங்களுக்கு பக்கத்துல, ஸ்கூல் மாதிரி ஒரு கட்டடம். 1897ல ஹங்கேரி ஆட்சில சாதாரண ஜெயிலா கட்டுனது. 1950 மே 5 ராத்திரி விடிஞ்சு 6ஆம் தேதி, கம்யூனிஸ்ட் அரசு நாடு முழுக்க நூத்துக்கும் மேல பெரிய மனுஷங்கள ஒரே ராத்திரில புடிச்சாங்க, பழைய மந்திரிங்க, ஜெனரலுங்க, பேராசிரியர்ங்க, பாங்க்காரங்க, பத்திரிகைக்காரங்க. அவங்கள இங்க கொண்டாந்து அடைச்சாங்க, கிரேக்க கத்தோலிக்க பிஷப்புங்களையும் சேத்து மொத்தம் 200 பேர் கிட்ட. பல பேர் அறுபது தாண்டினவங்க. ஏன் இந்த ஊருன்னா, சோவியத் எல்லை ரெண்டு கிலோமீட்டர்லதான், தப்பிச்சு ஓடுனா ஸ்டாலின் கைலதான் போய் விழணும். வெளிய தெரியக்கூடாதுன்னு ஜெயிலுக்கு டான்யூப்னு ரகசிய பேரு. டான்யூப் ஆறு நாட்டோட தெக்கு கோடில ஓடுது, இது வடக்கு கோடி.

உள்ள வெச்சு விசாரணை எதுவும் பெருசா கிடையாது, பல பேருக்கு தீர்ப்பே கிடையாது. பசி, குளிரு, ஜன்னல மறைச்ச தட்டி, பக்கத்து செல்லுல யாருன்னு தெரியக்கூடாது. ஐம்பத்துச் சொச்சம் பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் யூலியு மானியு, ருமேனியாவோட பழைய பிரதமர், ட்ரான்சில்வேனியா ருமேனியாவோட சேர்ந்ததுல முக்கியமான ஆளு. 80 வயசு, 1953 பிப்ரவரி 5ஆம் தேதி செத்துப்போனார். ராத்திரி யாருக்கும் தெரியாம ஊருக்கு வெளிய ஏழைங்க சுடுகாட்டுல கொண்டு போய் பொதைச்சாங்க, சிலுவை கிடையாது, பேரு கிடையாது, இன்னிக்கு வரைக்கும் எந்தக் குழின்னு தெரியல.

1955ல அரசியல் கைதிங்கள வேற எடத்துக்கு மாத்திட்டாங்க, 1977ல ஜெயிலயே மூடிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா, வெளக்கமாறு செய்ற எடமாவும் உப்பு குடோனாவும் வெச்சிருந்தாங்க. பாழடைஞ்சு கெடந்தத 1993ல அனா ப்லாந்தியானாங்கிற கவிஞரும் அவங்க வீட்டுக்காரர் ரோமுலுஸ் ருசானும் ஐரோப்பிய கவுன்சில் ஆதரவோட எடுத்து, 1997லேந்து மியூசியமா தொறந்தாங்க. இப்ப ஒவ்வொரு செல்லும் ஒரு ரூம், ஒண்ணுல பண்ணை நெலத்த புடுங்குன கதை, ஒண்ணுல மாணவர்ங்க, ஒண்ணுல பொம்பளை கைதிங்க. மானியு செத்த செல்ல அப்படியே விட்டிருக்காங்க, இரும்பு கட்டிலும் கம்பளியும். வெளிச்சமே இல்லாத தண்டனை செல் ஒண்ணு இருக்கு, பாத்தா போதும், உள்ள போகணும்னு இல்ல.

பின் முத்தத்துல பூமிக்கு அடில ஒரு பிரார்த்தனை எடம் இருக்கு, அங்க எறங்குற சாய்வு பாதைல ரெண்டு பக்கமும் சுவர்ல பேருங்க, நாடு முழுக்க கம்யூனிஸ்ட் ஜெயில்ங்கள்ல செத்த கிட்டத்தட்ட 8,000 பேர் பேரு. நான் நின்னப்ப ஒரு அம்மா ஒரு பேர விரலால தேடிக்கிட்டு இருந்தாங்க, கண்ணாடி எடுத்துட்டு வரல போல, என்கிட்ட ஏதோ கேட்டாங்க, நான் எழுத்துக்கூட்டி படிச்சேன், பாதிலயே தலைய ஆட்டி நிறுத்திட்டாங்க. அது இல்ல.

எலீ வீசல் வீடு அங்கதான் இருக்காமே?

ஆமா, ஜெயில்லேந்து நடக்குற தூரம்தான். தெரு முனைல நீல கலர்ல சின்ன வீடு. வீசல் ஒரு யூத எழுத்தாளர், 1928 செப்டம்பர் 30 இந்த ஊர்ல பொறந்தவர், 1986ல அமைதிக்கான நோபல் வாங்குனவர், 2016ல இறந்தார். 1941ல இந்த ஊர்ல பத்தாயிரத்துக்கும் மேல யூதர்ங்க இருந்தாங்க, அதாவது அஞ்சுல ரெண்டு பேர். 1944 ஏப்ரல்ல சுத்து கிராமத்து ஆளுங்களையும் சேத்து கெட்டோல, அதாவது யூதர்ங்கள தனியா அடைச்சு வெக்கிற பகுதில அடைச்சு, மே மாசம் ஒரு வாரத்துக்குள்ள நாலு ரயில்ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பிட்டாங்க. வீசலுக்கு அப்ப 15 வயசு. அம்மாவும் குட்டி தங்கச்சியும் அங்கயே போயிட்டாங்க, அப்பா புக்கன்வால்ட் முகாம்ல, விடுதலைக்கு சில மாசம் முன்னாடி.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இந்த வீட்ட விட முக்கியம். ரயில் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரும் வெச்சிருந்தத தோட்டத்துல பொதைச்சாங்களாம், இவரு தனக்கு 13 வயசு சடங்குக்கு கெடைச்ச தங்க கடிகாரத்த பொதைச்சார். இருவது வருஷம் கழிச்சு ஊருக்கு திரும்ப வந்தவர் ராத்திரி திருடன் மாதிரி அந்த தோட்டத்துக்குள்ள போய் கையால தோண்டி எடுத்தாராம். துரு புடிச்சு கெடந்துச்சு. கொஞ்ச தூரம் எடுத்துட்டு போயிட்டு திரும்ப வந்து அதே குழில வெச்சு மூடிட்டார்.

ஊர்ல அப்ப பல தொழுகைக்கூடம் இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் நிக்குது.

அந்த நீல கலர் கல்லறை? ஜோக் எழுதி வெச்சிருக்காங்களாமே?

சபன்ட்சா கிராமம், சிகெட்லேந்து 18 கிலோமீட்டர் மேற்க. உலகமே இத சந்தோஷ கல்லறைன்னு கூப்புடுது. ஸ்டான் இயோன் பத்ராஷ்னு ஒரு தச்சர், 1908ல பொறந்தவர், 1930கள்ல ஓக் மரத்துல சிலுவை செதுக்கி, நீல பெயின்ட் அடிச்சு, செத்தவங்க உயிரோட இருந்தப்ப என்ன பண்ணாங்களோ அத சின்ன சிற்பமா போட்டு, கீழ அவங்களே பேசுற மாதிரி சின்னதா ஒரு பாட்டு எழுத ஆரம்பிச்சார். 1977ல அவர் செத்தப்ப அவருக்கான சிலுவையும் அங்கயே, அவரே செஞ்சது. அப்புறம் அவர் சிஷ்யர் துமித்ரு பாப் பண்ணார், அவரும் 2022ல இறந்துட்டார். இப்ப 800க்கு மேல சிலுவை.

ஜோக்கு இருக்கு, இல்லன்னு சொல்லல. மாமியார் சிலுவை ரொம்ப ஃபேமஸ், இவ இன்னும் மூணு நாள் இருந்திருந்தா நான் இங்க படுத்திருப்பேன் அவ படிச்சிட்டிருப்பா, எழுப்பிடாதீங்க வந்து திட்டுவான்னு மருமகன் கொறல்ல. தண்ணி போட்டே செத்தவருக்கு பாட்டில், நெசவு நெய்ஞ்சவங்களுக்கு தறி, ட்ராக்டர் ஓட்டுனவருக்கு ட்ராக்டர். ஆனா நாலு வரிசை நடந்தீங்கன்னா சிரிப்பு நின்னுடும். ஒரு சின்ன கொழந்தை சிலுவைல கார் படம், சிபியூங்கிற ஊர்லேந்து வந்த டாக்ஸிய எரிஞ்சு போன்னு அந்தக் கொழந்தையே சபிக்குது, இம்மாம்பெரிய நாட்டுல நிக்க வேற எடம் கெடைக்கலையா, எங்க வீட்டு வாசல்லயா வந்து என்ன இடிக்கணும்னு. இன்னொண்ணுல ஒரு ஆடு மேய்க்கிறவர், ஹங்கேரி சிப்பாய் தலைய வெட்டுறத அப்படியே செதுக்கியிருக்கு. சந்தோஷ கல்லறைங்கிற பேர யாரு வெச்சாங்களோ, நான் அத ஊர் வம்பு கல்லறைன்னுதான் சொல்வேன், யாரு என்ன பண்ணாங்க எப்படி செத்தாங்கன்னு எதையும் மறைக்காம, நல்லதும் கெட்டதும் பேரோட வருஷத்தோட.

அதான் இத ஜெயிலுக்கு அப்புறம் பாருங்கன்னு சொல்றேன். இந்த கிராமத்துல குடிகாரனுக்கு சிலுவை, சண்டக்கார மாமியாருக்கு சிலுவை, வழில நிக்கிற நமக்கு படிக்க பாட்டு. 18 கிலோமீட்டர் தள்ளி நாட்டு பிரதமருக்கு ஒரு கல்லு கிடையாது, ரயில் ஏறி போனவங்களுக்கு குழியே கிடையாது.

டிப்ஸ்: காலைல எட்டு மணிக்கு போயிடுங்க, பத்தரைக்கு மேல டூர் பஸ் வந்து எறங்கும். பாட்டு எல்லாம் உள்ளூர் பேச்சு வழக்குல, எழுத்துப்பிழையோட இருக்கும், ட்ரான்ஸ்லேட் ஆப் பாதி ஒளறும், அதனால கைடு ஒருத்தர் இருந்தா நல்லது. மறக்காம இருங்க, அது இன்னும் பொதைக்கிற எடம்தான்.

மர கோயில்ங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா? எதெத பாக்கறது?

1999ல யுனெஸ்கோ பட்டியல்ல எட்டு கோயில சேத்தாங்க. எட்டும் பாக்கணும்னு ஓடாதீங்க, மூணாவதுக்கு மேல உங்களுக்கே கொழம்பிடும். ஹங்கேரி ஆட்சில ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கல்லுல கோயில் கட்டக்கூடாதுன்னு இருந்ததாலதான் இவ்வளவும் மரம்னு சொல்றாங்க, அந்த கோவத்த கோபுரத்துல காட்டியிருக்காங்க, ஷுர்தேஷ்ட் கோயில் கோபுரம் 54 மீட்டர், தெக்க பாயா மாரே பக்கம் இருக்கு.

என்னோட ஓட்டு பொயேனிலே இசேய் கோயிலுக்கு. உள்ள நரகத்த வரைஞ்சிருக்காங்க, எந்த பாவத்துக்கு என்ன தண்டனைன்னு பிசாசுங்க வரிசையா செஞ்சு காட்டுதுங்க, நம்ம ஊரு பழைய காலண்டர் எமலோகம் தோத்துச்சு. அடுத்து புதேஷ்ட், 1643ல கட்டுனது, அங்க பின்தேயான்னு ஒரு கொள்ளைக்காரன், பணக்காரன் கிட்ட புடுங்கி ஏழைக்கு குடுத்தவன்னு கதை, அவனோட இரும்பு சட்டைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பர்சானால ரெண்டு இருக்கு, கொழப்பிக்காதீங்க, குன்று மேல சின்னதா இருக்குறது 1720ல கட்டுன யுனெஸ்கோ கோயில், கீழ பூந்தோட்டத்தோட பளபளன்னு இருக்குற மடம் 1990கள்ல ஆரம்பிச்சது. ரெண்டாவதுலதான் எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க.

கதவு பூட்டியிருந்தா திரும்பிடாதீங்க. சாவி பக்கத்து வீட்டுல யார்கிட்டயாவது இருக்கும், கேட்டா கை மாவ தொடைச்சுக்கிட்டே வந்து தொறந்து விடுவாங்க.

கிராமத்துல தங்க வசதி எப்படி?

வீட்டுலயே ரூம் விடுறாங்க, பாத்ரூம் வெந்நீர் எல்லாம் சரியா இருக்கும். நானும் அம்மாவும் ப்ரெப் கிராமத்துல ரெண்டு ராத்திரி இருந்தோம், ஜூலை கடைசி, புல்லு அறுக்குற சீசன். சாயங்காலம் ஆனா ஊர் முழுக்க டக் டக் டக்னு சத்தம், அம்மா எங்கயோ கோயில் வேலை நடக்குதுன்னு நெனச்சாங்க. எட்டி பாத்தா ஆளுயர கைப்பிடி வெச்ச அரிவாள சின்ன பட்டறைக்கல்லுல வெச்சு, மறுநாள் காலைக்கு விளிம்ப சுத்தியால தட்டி மெலிசாக்குறாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தர். புல்லு காய்ஞ்சதும் நடுவுல ஒரு கம்ப நட்டு சுத்தி அடுக்குவாங்க, மேல ஒருத்தர் நின்னு மிதிச்சுக்கிட்டே இருப்பார், போரு ஏற ஏற அவரும் ஏறுவார், கடைசில எறங்க வழியில்லாம கயித்த புடிச்சு சறுக்கி வருவார்.

வீட்டுக்கார பாட்டிக்கு ருமேனியன் தவிர ஒண்ணும் தெரியாது, அம்மாவுக்கு தமிழ் தவிர ஒண்ணும் தெரியாது. திண்ணைல ஒரு கூடை பீன்ஸ வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உரிச்சாங்க, ரெண்டு மணி நேரம் அவங்க அவங்க பாஷைல விடாம பேசுனாங்க. என்னம்மா பேசுனீங்கன்னு கேட்டா, பாவம் அவங்க மருமக இத்தாலில இருக்காளாம், பேரனையும் கூட்டிட்டு போயிட்டாளாம்ங்குறாங்க. மறுநாள் நான் செக் பண்ணேன், சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

பக்கத்துல சர்ப் கிராமத்துல தண்ணில ஓடுற மாவு மில்லும், துணி வெளுக்குற சுழலும் இருக்கு. மரச்சட்டத்துல செஞ்ச பெரிய குழி, மேலேந்து தண்ணி கொட்டி சுழலுது, கம்பளிய போட்டா சோப்பே இல்லாம வெளுத்து குடுக்கும். வாஷிங் மெஷினுக்கு கொள்ளு தாத்தா.

வெஜிடேரியன் கெடைக்குமா?

ரெண்டு வார்த்தை கத்துக்கோங்க: தெ போஸ்ட். விரத சாப்பாடுன்னு அர்த்தம். ஆர்த்தடாக்ஸ்காரங்க பெரிய விரத காலம் போக புதன், வெள்ளிலயும் கறி முட்டை பால் எதையும் தொட மாட்டாங்க, அதனால விரத சமையல் எல்லா வீட்டுக்கும் தெரியும், முட்டைகோஸ் இலைல அரிசியும் காளானும் வெச்சு சுருட்டுனது, பீன்ஸ் சூப், கத்திரிக்காய் குடமிளகாய் தொக்கு. நான் வெஜிடேரியன்னு சொன்னா ஆம்லெட்டுதான் வரும், சில சமயம் சிக்கனே வரும். பால் ஓகேன்னா மமலிகா, மக்காச்சோள மாவு களி, ஆட்டுப்பால் சீஸும் புளிச்ச க்ரீமும் போட்டு தருவாங்க. களி சாப்ட்டு வளந்தவங்களுக்கு சொல்லவே வேணாம்.

காலைலயே சாராயம் குடுக்குறாங்களாமே?

குடுப்பாங்க. ஹொரிங்கா, பெரும்பாலும் ப்ளம் பழத்துலேந்து ரெண்டு தடவ காய்ச்சி எறக்குறது, ஐம்பது சதவீதம் கிட்ட. பாட்டில குலுக்கி காட்டுவாங்க, ஓரத்துல பாசிமணி கோத்த மாதிரி குமிழி வளையமா நின்னா சரக்கு சுத்தம். நொரோக்னு சொல்லி குடிக்கணும். வேணாம்னா மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க, யாரும் வற்புறுத்த மாட்டாங்க. கார் ஓட்டறவங்க ஒரு சொட்டு கூட கூடாது, ருமேனியால ரத்தத்துல கொஞ்சம் இருந்தாலும் மாட்டுவீங்க.

எந்த மாசம் போறது?

மே கடைசிலேந்து செப்டம்பர். பனி பயமில்லன்னா டிசம்பர் 27, அன்னிக்கு சிகெட்ல மர்மாட்சியா திருவிழா, சுத்து கிராமம் எல்லாம் ஆட்டுத்தோல் முகமூடி, இடுப்புல பெரிய பெரிய மணி கட்டிக்கிட்டு தெருவுல எறங்கிடுவாங்க. அப்ப ரூம் கெடைக்காது, முன்னாடியே சொல்லி வைங்க. ஞாயித்துக்கிழம காலைல எந்த கிராமத்துல இருந்தாலும் பூசை விடுற நேரத்துக்கு கோயில் வாசல்ல நில்லுங்க, பூப்போட்ட பாவாடை, தலைல முக்காடு, ஆம்பளைங்க தலைல தேங்கா மூடி சைஸுக்கு ஒரு வைக்கோல் தொப்பி, அது எப்படி தலைல நிக்குதுன்னு எனக்கு இன்னும் புரியல.

கொழந்தைங்கள கூட்டிட்டு போறோம், ஜெயில் வேணாம், வேற என்ன?

விஷேவு தெ சுஸ்ல நீராவி ரயில், மொகனித்சா. காட்டுலேந்து மரம் எறக்க 1930கள்ல போட்ட சின்ன பாதை, இன்னும் மரம் எறக்குறாங்க, ஆத்தோரமா 20 கிலோமீட்டர் சொச்சம் உள்ள கூட்டிட்டு போவாங்க. சிகெட்லயே ஊருக்கு வெளிய குன்று மேல கிராம மியூசியம் இருக்கு, பழைய மர வீடுங்கள அப்படியே கழட்டி கொண்டாந்து வெச்சிருக்காங்க, ஓடி ஆடலாம். நீச்சலுக்கு ஒக்னா ஷுகடாக், பழைய உப்பு சுரங்கம் இருந்த எடம், உப்பு தண்ணி, மூழ்க மாட்டீங்க.

என்ன வாங்கிட்டு வரலாம்?

சபன்ட்சால ரோட்டோரம் கம்பளி தொங்கும், முடி முடியா நீட்டிக்கிட்டு. நான் ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கி ஊருக்கு குடுத்து அனுப்பினேன், இப்ப அது பீரோல ஒரு தட்டு முழுக்க அடைச்சுக்கிட்டு கெடக்கு. அம்மா உஷாரு, தோள்ல மாட்டுற கறுப்பு வெள்ள கட்டம் போட்ட கம்பளி பை ஒண்ண பேரம் பேசி வாங்குனாங்க, விரல்லயே காட்டி காட்டி பத்து லேய் (ருமேனியா காசு) கொறைச்சுட்டாங்க. தெனமும் காய்கறி கடைக்கு அததான் எடுத்துட்டு போறாங்க, கீரைக்கட்டு நிமிந்து நிக்குதாம்.